மலரில் வராத செவ்வாய்க்கிழமை

ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் யாருக்கு விழா எடுத்து மலர் வெளியிட்டாலும், வாழ்க்கைக் குறிப்பு எழுத என்னிடம் வருவார்கள். என் தமிழுக்காக அல்ல, என் கொப்பிகளுக்காக. கனடாவில் வந்திறங்கிய நாளிலிருந்து நடந்ததையெல்லாம் தேதி, கிழமையோடு எழுதி, பத்திரிகை நறுக்குகளையும் ஒட்டி வைத்திருக்கிறேன்.

சென்ற வசந்தத்தில் மலர்க்குழுச் செயலாளர் வெக்ஸ்போர்டில் உள்ள என் அப்பார்ட்மென்டுக்கு வந்தார். இம்முறை மலர் ஒரு பெண் அரசியல்வாதிக்கு. முதலில் மத்திய அரசின் வழக்குத்தொடுநர், பிறகு இரண்டு தடவை மாகாணப் பாராளுமன்ற உறுப்பினர், இப்போது ஒட்டாவாவில் உள்ள மத்திய பாராளுமன்றத்துக்குப் போட்டியிடுகிறார். எழுத வேண்டியதை ஒரு தாளில் கொண்டுவந்திருந்தார் செயலாளர். மூன்றாவது வரி இது: ‘போதைப்பொருள் வழக்குகளில் எங்கள் இளைஞர்கள் படும் பாட்டைப் பொறுக்க முடியாமல் அரச பதவியைத் துறந்தார்.’

“உது பிழை” என்றேன்.

“என்ன அண்ணை, உது ஊருக்கே தெரிஞ்ச விசயம்.”

“ஊருக்குத் தெரியும். என்ர கொப்பிக்குத் தெரியாதே.”

எட்டு வருடத்துக்கு முந்திய கொப்பியை எடுத்தேன். மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் என் தங்கையின் மகனோடு நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சட்டைப்பையில் சிறிதளவு போதைத்தூள் இருந்தது. முதல் குற்றம். குற்றப்பதிவு இல்லாமல் விட்டுவிடும்படி அவனுடைய வழக்கறிஞர் கேட்டார். வழக்குத்தொடுநர் எழுந்து மறுத்தார்; மற்றவர்களுக்கு இது பாடமாக இருக்க வேண்டும் என்றார். நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார். எல்லாம் நாலு நிமிடம். அவன் இன்று ட்ரக் ஓட்டுகிறான். அந்தப் பதிவால் அமெரிக்க எல்லையைக் கடக்க முடியாது. நல்ல ஓட்டமெல்லாம் மற்றவர்களுக்கே போகிறது.

அந்த வழக்குத்தொடுநர் இவர்தான். பதினொரு வாரம் கழித்து இவர் மாகாணத் தேர்தலில் நிற்கும் செய்தி வந்தது. ‘இன்றுவரை வழக்குத்தொடுநராகப் பணியாற்றிவரும்’ என்கிறது அடுத்த பக்கத்தில் ஒட்டியிருக்கும் நறுக்கு. தன் வேலையை அவர் செய்ததில் எனக்குக் கோபமில்லை. அதைச் செய்யவில்லை என்று என் கையால் எழுதச் சொன்னார்களே, அதில்தான்.

செயலாளர் கொப்பியை மெதுவாக மூடினார். “அண்ணை, உந்தக் கொப்பியளை ஆர் இனித் திறந்து பாக்கப்போகினம்? உங்கட தங்கச்சியும் எங்களிட்ட வந்தவ, தெரியுமோ?”

எனக்குத் தெரியாது. மருமகன் தன் குற்றப்பதிவை மூடிவைக்க விண்ணப்பிக்கப் போகிறானாம். அம்மையார் ஆதரவுக் கடிதம் தருவாராம். பதிலுக்கு, அவர் கைகொடுத்துத் தூக்கிவிட்ட இளைஞன் என்று மலரில் அவனுடைய படம் வருமாம்.

தங்கையை அழைத்தேன். “அவ ஆரெண்டு அவனுக்குத் தெரியாது, அண்ணை. சொல்லிப்போடாதேங்கோ. கடிதம் கையில வரட்டும்” என்றாள். அன்று நீதிமன்றத்தில் அவன் தலை நிமிரவேயில்லை. அந்த வழக்குத்தொடுநர்தான் தேர்தலில் நின்றவர் என்று அவனிடம் சொல்ல வேண்டாம் என அவள் அப்போதே கேட்டுக்கொண்டதால் எட்டு வருடம் நானும் வாய் திறக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதிவைப்பவன் என்ற பெயர் எனக்கு!

சனிக்கிழமை ரூஜ் பகுதியிலுள்ள அவன் வீட்டுக்குப் போய், காருக்குள் வைத்து அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன்.

“எட்டு வருஷமா இதைக் கொப்பியில வச்சிருந்தீங்களா?”

“ஓம்.”

“நைஸ், மாமா. பட் எனக்கு லெட்டர் வேணும். நான் போறன். நீங்களும் வாங்கோ” என்றான்.

பிளாசா ஒன்றின் மாடியில் அம்மையாரின் தேர்தல் அலுவலகம். செயலாளரும் மலருக்கான படப்பிடிப்பாளரும் தயாராக நிற்க, அவர் அவன் தோளில் கைபோட்டார். “தம்பி, உங்கட கேஸ் ஆர் செய்தது? சில ப்ரொசிகியூட்டர்ஸ் சரியான ஹார்ஷ்.”

“நீங்கள்தான்” என்றான்.

அவர் அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தார். வெட்கப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் மலர்ந்தது. “ஓ மை காட்! திஸ் இஸ் அ பெட்டர் ஸ்டோரி. நான் கேஸ் நடத்தின பிள்ளைக்கு நானே கை குடுக்கிறன். படத்துக்குக் கீழ இதைப் போடுவம்.”

“அண்ணை, உதை நீங்கதான் எழுதவேணும்!” என்றார் செயலாளர்.

மருமகன் தோளிலிருந்த கையை எடுத்துவிட்டான். “அன்ரி, ரெக்கோட்டை மூடத்தான் வந்தனான். நீங்கள் அதைப் புத்தகமா அடிச்சு விழா ஹோலில குடுக்கப்போறீங்களோ?”

“பேர் போடத் தேவையில்லையே.”

“முகம்?”

படமும் இல்லை, கடிதமும் இல்லை, இறங்கி வந்தோம். வழியெல்லாம் நான்தான் கத்திக்கொண்டு வந்தேன். “மாமா, என்னை ரோட்டைப் பாக்க விடுங்கோ” என்றான்.

வீட்டுக்கு வந்து விண்ணப்ப வழிகாட்டியை இரண்டு தடவை முழுதாக வாசித்தேன். அரசியல்வாதியின் கடிதத்தை அதில் எங்குமே கேட்கவில்லை. தேவையே இல்லாத ஒன்றைக் காட்டி என் தங்கையை அலைக்கழித்திருக்கிறார்கள். அவன் கடிதமில்லாமலே விண்ணப்பத்தை அனுப்பினான். பதில் இன்னும் வரவில்லை.

மலர் வந்தது. ‘அரச பதவியைத் துறந்தார்’ என்ற வரி அப்படியே இருக்கிறது. நான் ஒரு சொல்லும் எழுதிக்கொடுக்காத அந்தக் குறிப்பின் கீழே என் பெயர். மறுப்புக் கடிதம் இரண்டு அனுப்பினேன். செயலாளர் இப்போது என் தொலைபேசியை எடுப்பதில்லை.

இதை எழுதலாமா என்று மருமகனிடம் கேட்டேன்.

“என்ர பேர் வரக்கூடாது.”

“வராது.”

“அவவின்ர பேரைப் போடுங்கோ.”

“அதைப் போட்டால், பெடியன் ஆரெண்டு ரெண்டு நாளில கண்டுபிடிச்சிடுவாங்கள்.”

“அப்ப விடுங்கோ, மாமா.”

இரண்டு பேரின் பெயரையும் விட்டிருக்கிறேன். இதைப் படித்தால், என் மரியாதையால் தன் பெயர் தப்பியது என்று அவர் நினைக்கக்கூடும். இல்லை, அம்மையாரே. அவனை மறைக்க வேண்டியிருப்பதால்தான் உங்களையும் மறைத்திருக்கிறேன்.