புது வால்வு போட்டாச்சு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது என் கடையில், என் கையால் நடந்தது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் நான். பேய், பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் "போலே, சோலியப் பாரு" என்று விரட்டிவிடுவேன். என் பெயர் எபனேசர். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் பைக்குகளுக்கு டயர் மாற்றும் கடை வைத்திருக்கிறேன். பேய் வருவதற்கு ராத்திரி பன்னிரண்டு மணி ஆக வேண்டாம். எனக்குச் சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கே வந்தது.

முதலில் ஒரு தொழில் விஷயம். இப்போது வருகிற வண்டிகளில் டியூப் கிடையாது. காற்று அடிக்கிற வால்வு ரிம்மிலேயே ரப்பரோடு உட்கார்ந்திருக்கும். டயர் மாற்றினால் அந்த வால்வையும் மாற்றிவிட வேண்டும். சுண்டுவிரல் அளவு சாமான், இரண்டு நிமிட வேலை. ஆனால் சீசன் நேரத்தில் கடை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது எவன் மாற்றுகிறான்? பழசையே துடைத்து விட்டுவிட்டு, "புதுசு போட்டாச்சு" என்று சொல்லிவிடுவோம். நானும் சொல்லியிருக்கிறேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

இந்த ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை. சாரல் ஏமாற்றிவிட்டது. அருவியில் தண்ணீர் இல்லை, அதனால் ரோட்டில் கூட்டமும் இல்லை. காலையிலிருந்து சுள்ளென்று வெயில். கடையை அடைக்கலாம் என்று எழுந்தபோது ஓர் ஆள் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. எங்கோ வாய்க்காலில் குளித்துவிட்டு வருகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"பின்னால காத்து எறங்குது அண்ணாச்சி. வடகரைக்குப் போகணும்."

"கடை அடைக்கப் போறேன் தம்பி. நாளைக்கு வாங்க."

"இன்னைக்குப் போயே ஆகணும். வீட்டுக்காரி காத்துக்கிட்டு இருக்கா. அவளப் பாதியில விட்டுட்டு வந்துட்டேன். ரொம்ப அழுதுட்டா."

புருசன் பொண்டாட்டிக்குள் ஏதோ சண்டை என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. வண்டியை ஸ்டாண்ட் போட்டேன். கை சைலன்சரில் பட்டது. சில்லென்று இருந்தது.

சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். வால்வின் அடியில் நுரை பொங்கியது. ஸ்ஸ்ஸ்... டயரைப் பார்த்தேன். புத்தம் புதுசு. புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகூட உதிரவில்லை, பத்து கிலோமீட்டர் ஓடியிருக்காது. ஆனால் வால்வு நைந்துபோன பழசு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"எந்த மடையன் தம்பி இத மாட்டுனது? புது டயருக்கு எவனாவது பழைய வால்வ விட்டு வைப்பானா?"

"நீங்கதான் அண்ணாச்சி."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எப்ப?"

"போன ஆடியில. அன்னைக்கு நல்ல கூட்டம்."

ஒரு வருசமாக ஓடிய டயரில் முடி எப்படி இருக்கும்? கேட்க நினைத்தேன். சக்கரத்தைக் கழற்றி உள்ளே கொண்டுபோனேன்.

ஐந்து ஐம்பத்திரண்டு. கரண்ட் போனது.

மலைப்பக்கம் மேகம் இறங்கி, கடைக்குள் சட்டென்று மங்கலாகிவிட்டது. டயரைத் தளர்த்தி வால்வை உருவினேன். ரப்பரில் நீளமாக ஒரு வெடிப்பு. வெடிப்புக்குள் செம்மண். புது வால்வுகள் பின்னறையில் ஒரு டப்பாவில் இருந்தன. அந்த இருட்டில் போய்த் தேட மனசில்லை. அவர் வாசலில் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். வடகரை வரைக்கும்தானே, தாங்கும்... பழக்கதோசம். பழசையே துடைத்து உள்ளே இழுத்துவிட்டேன்.

"புதுசு போட்டாச்சு தம்பி."

அவர் திரும்பவில்லை.

"போன ஆடியிலயும் இதத்தான் சொன்னீங்க."

என் கையிலிருந்த, டயர் நெம்புகிற லிவர் கீழே விழுந்தது. ணங்...

பின்னறைக்கு ஓடினேன். டப்பாவைக் கவிழ்த்தேன். தடவித் தடவி ஒன்றை எடுத்தேன். பழசை அறுத்து எறிந்தேன். புதுசை இழுத்து மாட்டினேன்.

கம்ப்ரசரில் மிச்சம் இருந்த காற்றை ஏற்றினேன். டப்... டயரின் ஒரு பக்கம் ரிம்மில் உட்கார்ந்தது. டப்... மறுபக்கம்.

சோப்புத் தண்ணீர். நுரை இல்லை.

சக்கரத்தை மாட்டி நட்டை முறுக்கினேன். அவர் இப்போது என் பக்கத்தில் நின்றார். எப்போது வந்தார்?

"இப்ப தாங்குமா?"

"தாங்கும்."

"ரெண்டு பேரு போனாலும்?"

"தா... தாங்கும் தம்பி."

சிரித்தார். முதல்தடவையாக.

ஆறு பன்னிரண்டு. ஏறி உட்கார்ந்தார். கிக்கரை உதைக்கவில்லை. பட்டனையும் அமுக்கவில்லை.

வண்டி போனது.

சத்தமே இல்லை...

குனிந்து தரையைப் பார்த்தேன். சட்டை சொட்டச் சொட்ட அரைமணி நேரம் அவர் நின்ற இடம். புழுதி அப்படியே காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மறுநாள் காலை ஒன்பது இருபது. எதிர் டீக்கடை அய்யாக்குட்டி கடைக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சொந்த ஊர் வடகரை.

"நேத்து சாயங்காலம் யார அந்த ஏச்சு ஏசுனீரு? கடையில ஒத்த ஆளக் காணும்?"

நான் பேச்சை மாற்றினேன். "நீரு எங்கன கிளம்பிட்டீரு?"

"ஊர்ல ஒரு துட்டி. சுந்தரபாண்டி பொண்டாட்டி ஜெயசித்ரா, நேத்து பொசுக்குன்னு போயிட்டா. போன ஆடியிலதான் புருசன் போனான். ஐந்தருவி ரோட்டுல, நல்ல மழையில, பின்டயர்ல காத்து எறங்கி வண்டி சறுக்கிட்டு. புது டயராம், அன்னைக்குத்தான் போட்டானாம். பின்னால இருந்த இவ மட்டும் பொழச்சா."

எத்தனை வண்டிக்கு டயர் போட்டேன், எவர் முகம் ஞாபகம் இருக்கிறது? ஒரு மனுசனைக் கொன்றுவிட்டு ஒரு வருசமாக நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன்! அய்யாக்குட்டியோடு நானும் கிளம்பினேன்.

துட்டி வீட்டு வாசலில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். புருசன், பொண்டாட்டி இரண்டு பேர் படமும் இருந்தது.

அவர்தான்.

உள்ளே இறந்தவளின் அக்கா உலகம்மாள், வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

"நல்லாத்தான் இருந்தா. ஆறு முப்பத்தஞ்சு இருக்கும். வாசல்ல ஹார்ன் அடிக்கிற சத்தம் கேக்குதுன்னு எந்திச்சா. எங்களுக்கு ஒண்ணும் கேக்கல. புருசன் போனதுலருந்து பைக்குன்னாலே நடுங்குவா. நேத்து பயமே இல்ல, சிரிக்கா! 'அவுக வந்துட்டாக அக்கா. புது வால்வு போட்டாச்சாம். ரெண்டு பேரு போனாலும் தாங்குமாம்'னு சொல்லிக்கிட்டே செருப்ப மாட்டுனா. படியில சரிஞ்சவதான்..."

மூக்கைச் சிந்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எதச் சொன்னான்னே வெளங்கல. வால்வுன்னா என்ன அண்ணாச்சி?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.