ஓர் இருக்கைக்கு இரண்டு பேர்

நான் ஓட்டுவது சின்ன விமானம். இரண்டு இறக்கைகளிலும் காற்றாடி சுழலும். நிறைந்தால்கூட ஒரு பஸ் அளவு ஆட்கள்தான். கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் மட்டக்களப்புக்கும் போய் வருவோம். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் இந்த வேலைக்கு வந்ததற்கு என் அக்காதான் காரணம். குவைத்தில் நர்ஸாக இருந்துகொண்டே என்னைப் படிக்க வைத்தார்.

அப்பா அதே தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். நான் கம்பெனியில் சேர்ந்த அன்று அவர் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பேர் பதிஞ்சிட்டாங்களா தம்பி?" தோட்டத்தில் பேர் பதிந்தவர் நிரந்தரத் தொழிலாளி. மற்றவர்கள் கைக்காசுக்கு வருகிறவர்கள். இன்று வேலை இருக்கும், நாளை இருக்காது. பதிந்துவிட்டார்கள் என்றேன். அவருக்கு அது போதும். பேர் பதிவது மட்டுமல்ல, எத்தனையாவதாகப் பதிகிறது என்பதும் எங்கள் தொழிலில் முக்கியம் என்று நான் சொல்லவில்லை. வேலை குறைந்தால் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் வெளியே போவார்.

கம்பெனியின் விமானங்கள் எல்லாமே டொலரில் வாடகைக்கு எடுத்தவை. டொலர் தட்டுப்பாடு வந்தபோது ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் தலைமை விமானி, கடைசியில் இருந்த எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். நானும், எனக்கு அடுத்துச் சேர்ந்த மாத்தறைப் பெண்ணும். இருவரும் துணை விமானிகள். அவள் என்னைச் சிங்களத்தில் 'அய்யே', அதாவது அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

இனி ஒருவருக்குத்தான் இடம் என்றார் அவர். யார் போக வேண்டும் என்பதை அவர் சொல்லவே இல்லை. சேர்ந்த வரிசை எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் அழவில்லை. சீருடையை எப்போது ஒப்படைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள். சில மாதங்கள் பறக்காமல் இருந்துவிட்ட விமானியை வேறு எந்தக் கம்பெனியும் லேசில் எடுக்காது. முதலிலிருந்து பரீட்சை, முதலிலிருந்து வரிசை. அவள் இன்று வீட்டுக்குப் போனால் திரும்பி வருவது சந்தேகம்தான்.

ஒரு மாதம் நான், ஒரு மாதம் அவள் என்று மாறி மாறிப் பறக்கலாமா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எனக்கே காதில் விழுந்தது. தலைமை விமானி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அரைச் சம்பளம்தான் வரும், யோசித்துத்தான் பேசுகிறாயா என்றார். யோசிக்கவில்லை என்பதுதான் உண்மை. ஆனாலும் ஆமென்றேன். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவர் தயாராக இருப்பார் என்று சொல்லி, அவர்தான் முதலாளிமாரைச் சம்மதிக்க வைத்தார்.

என் மனைவி பதுளையில் ஆசிரியை. எங்கள் மகள் பிறந்து அவர் லீவில் இருந்த நேரம் அது. பயந்துகொண்டே போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்க வேண்டும்தான் என்றேன்.

"சரி. அப்ப லீவு முடிஞ்சா ஒரு மாசம் பிள்ளைய நீங்க பாத்துக்கங்க. மத்த மாசத்துக்கு அம்மாவ வரச் சொல்றேன்."

அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பேர் இன்னும் இருக்கிறதா, வெட்டிவிட்டார்களா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். இருக்கிறது, வேலையைத்தான் பங்கு போட்டிருக்கிறோம் என்றதும் அவர் குரல் மாறியது. "எல கொறஞ்ச காலத்துல எங்களுக்கும் அப்பிடித்தான். எல்லாருக்கும் மூணு மூணு நாள் குடுப்பாங்க. யாரையும் பெரட்டுல இருந்து திருப்பி அனுப்ப மாட்டாங்க" என்றார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தப் பெரட்டுக் களத்தில் என்னையும் ஓர் ஆளாக நிறுத்திப் பார்த்தார் போலிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பதுளையில் வீட்டில் இருந்த மாதங்களை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது. காலையில் மனைவியை பஸ் ஏற்றிவிட்டு, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவேன். அவள் தூங்கும்போது விமானக் கையேட்டைப் படிப்பேன். மழை பிடித்துக்கொண்டால் துணி காயாது. சமையலறையில் கொடி கட்டி, அதற்குக் கீழே உட்கார்ந்து அவசர நிலைப் பாடங்களை வாய்விட்டுச் சொல்வேன். அவள் கையைக் காலை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மளிகைக்கடை பாய் என்னைத் தினமும் பார்த்தவர், வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டார். ஒருநாள் மற்ற ஆட்கள் போகும்வரை காத்திருந்து, "தப்பா நெனைக்காதீங்க தம்பி. கடையில கணக்குப் பாக்க ஒரு ஆள் வேணும். ஒங்களுக்குத் தோதுப்பட்டா வாங்க" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். பிறகு, பரவாயில்லை, அந்த இடம் அப்படியே இருக்கட்டும் என்றார். அன்று பருப்பைச் சுமந்துகொண்டு படியேறும்போது மனது மிகவும் லேசாக இருந்தது.

மாதம் மாறும் நாளில் நானும் மாத்தறைக்காரியும் இரத்மலானையில் சந்திப்போம். பலாலியில் எந்தப் பக்கத்துக் காற்று, எந்தக் கப்டனுக்கு என்ன கோபம் என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுப் போவாள். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. பிறகு கம்பெனி மறுபடியும் ஒரு விமானத்தை எடுத்தது. இருவருக்கும் முழு வேலை கிடைத்தது.

அதற்கு அடுத்த வருஷம் வளைகுடாவில் ஒரு பெரிய கம்பெனி அவளை எடுத்தது. விடாமல் பறந்துகொண்டிருந்தவள் என்பதால்தான் எடுத்தார்கள் என்று அவளே சொன்னாள். என்னையும் விண்ணப்பிக்கச் சொன்னாள். நானும் மனைவியும் இரண்டு மூன்று நாள் அதைப் பற்றிப் பேசினோம். எனக்கு இந்தச் சின்ன விமானம் பிடித்திருக்கிறது. லீவு நாளில் பதுளை ரயிலில் ஏறிவிடலாம். போகவில்லை. நாளைக்கே இன்னொரு விமானத்தைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அது தெரிந்துதான் இருக்கிறேன்.

போன வருஷம் நான் கப்டன் ஆனேன். அவள் விடுமுறையில் வந்திருந்தபோது, நயினாதீவு விகாரைக்குக் கும்பிடப் போகும் தன் அம்மாவுடன் என் விமானத்தில் ஏறினாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பலாலியில் அன்று பக்கக் காற்று பலமாக இருந்தது. கொஞ்சம் அழுத்தமாகத்தான் இறக்கினேன். இறங்கும்போது அவள் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ வாழ்த்தினார். அவள் பின்னாலிருந்து, "அய்யே, முதுகு உடைஞ்சிடுச்சி" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவர்கள் வெயிலில் நடந்து போய் வேனில் ஏறும்வரை கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.