ஹோசிர் என்றால் எப்போது?

மர்கிலான் நகரத்து உலர்பழக் கம்பெனியில் சபோஹத்துக்குப் பதினோரு வருட சர்வீஸ். முதல் ஏழு வருடம் ஆப்ரிகாட் தரம்பிரிக்கும் மேசையில் நின்றாள். வேலைக்கு நடுவிலேயே கம்ப்யூட்டர் படித்துத் தேறினாள். அதனால்தான் புதிய ஆர்டர் மென்பொருள் வந்ததும், விற்பனைப் பிரிவுக்கும் கம்ப்யூட்டர் பிரிவுக்கும் நடுவில் இயக்குநர் கரோமத் அவளை உட்கார வைத்தார். மேல்மாடி விற்பனைக்காரர்களுக்கு அவள் "கம்ப்யூட்டர்க்காரி". கீழே கம்ப்யூட்டர்க்காரர்களுக்கு "கிஸ்மிஸ்காரி". இரண்டு பட்டமும் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தன.

அந்த மாதம் ஒன்பது லாரிகள் ஏற்றிய சரக்கோடு அப்படியே திரும்பி வந்தன. "நாங்க எங்கே கேட்டோம்?" என்றார்கள் கடைக்காரர்கள். மேல்மாடி மென்பொருளைத் திட்டியது. கீழ்மாடி மேல்மாடியைத் திட்டியது.

திங்கட்கிழமை கரோமத் அவளைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள சரியாகலைன்னா ஆர்டரெல்லாம் மறுபடியும் நோட்டுப் புத்தகத்துலதான். உனக்கும் இந்த நாற்காலி இருக்காது."

சபோஹத் கூட்டம் எதையும் கூட்டவில்லை. ஏற்கெனவே ஆறு கூட்டம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. நேரே மேலே போய், எல்லாரும் 'அகா', அதாவது அண்ணன், என்று கூப்பிடும் விற்பனைத் தலைவர் ஷோகிர் அகாவின் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்னம்மா, வேவு பாக்க வந்தியா?"

"டீ குடிக்க வந்தேன், அகா."

"அப்படின்னா ஊத்து."

மதியம் அவர் மனைவி போன் செய்தாள், பிலாவ் ஆறிக்கொண்டிருக்கிறது என்று. "ஹோசிர், ஹோசிர், இப்பவே வந்துட்டேன்," என்று போனை வைத்தவர், இன்னொரு கூஜா டீ கொண்டுவரச் சொன்னார். அடுத்து நமங்கான் ஊர்க் கடைக்காரர் ஒருவர் போனில் கூப்பிட்டார். பேசி முடித்ததும் ஷோகிர் அகா திரையில், 'எப்போது' என்ற கட்டத்தில் 'ஹோசிர்' என்று தட்டினார்.

சபோஹத் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அவர் என்ன சொன்னார், அகா?"

"ஹோசிர் எடுத்துக்கறேன்னார்."

"அப்படின்னா?"

"மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொல்ல மனசில்லைன்னு அர்த்தம். நாளைக்கு மறுபடி கேக்கணும்."

"வீட்டுக்குச் சொன்ன ஹோசிர்?"

"அதுவும் இதே ரகம்தான்!" என்றார் அடுத்த மேசைக்காரர். அறையே சிரித்தது.

அவள் கீழே இறங்கி, மென்பொருளை எழுதிய எல்யோரிடம் கேட்டாள். அக்கா முறையில் அவளை 'ஓபா' என்று கூப்பிடுகிறவன் அவன். "அந்தக் கட்டத்துல ஹோசிர்னு போட்டா என்ன ஆகும்?"

"உடனே லாரி கிளம்பும், ஓபா. ஹோசிர்னா இந்த நிமிஷம்தானே? அகராதியிலயே இருக்கு."

"அகராதியா ஆர்டர் எடுக்குது? எழுந்து என்கூட மேல வா."

"ஹோசிர், ஓபா," என்றான் எல்யோர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவள் அவன் மேசையருகிலேயே நின்றாள். தான் சொன்னது அவன் காதிலேயே விழ, சற்று நேரம் ஆனது. காது மடல் சிவக்க எழுந்தான்.

"சரி, அந்தச் சொல்லையே எடுத்துடறேன்."

"எடுத்தா வேற எதையாவது தட்டுவாங்க. சரக்கு நிச்சயமாப் போகணும்னா என்ன செய்யறாங்கன்னு வந்து பாரு."

மேலே, ஆர்டர் உறுதியான மறுகணம் ஷோகிர் அகா திரையைத் தொடவே இல்லை. ஜன்னலைத் திறந்து, முற்றத்தில் நிற்கும் லாரிக்காரர்களைப் பார்த்து, "ஏத்து!" என்று கத்தினார். எல்யோர் மாலைவரை எண்ணினான். ஹோசிர் பத்தொன்பது. ஏத்து நான்கு.

வியாழக்கிழமைக்குள் மாற்றி எழுதினார்கள். 'ஹோசிர்' இருந்த இடத்திலேயே இருந்தது. மறுநாள் காலையில் அந்தக் கடைக்காரரை மறுபடி கேட்கச் சொல்லி நினைவூட்டும், அவ்வளவுதான். 'ஏத்து' என்ற புதிய பொத்தானுக்குத்தான் லாரி நகரும்.

"பெருசா வை, தம்பி. நான் ஜன்னலைத் திறந்தே பழகினவன்," என்றார் ஷோகிர் அகா.

வெள்ளிக்கிழமை ஐந்து லாரிகள் போயின. ஐந்தும் காலியாகத் திரும்பின. கரோமத் தானே கடைகளுக்குப் போன் போட்டு விசாரித்தார். பிறகு சபோஹத்தைக் கூப்பிட்டு, "நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டாம்னு சொல்லிடு. நீ இருக்கற இடத்துலயே இரு," என்றார்.

திரும்பி வரும்போது கம்ப்யூட்டர் அறையில் சத்தம் கேட்டது. ஷோகிர் அகா முதல்முறையாகத் தானே படியிறங்கி வந்திருந்தார். "பாக்கலாம்" என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு கட்டம் வேண்டுமாம்.

"கட்டம் போடறேன், அகா. ஆனா 'பாக்கலாம்'னா என்ன அர்த்தம்? முதல்ல அதைச் சொல்லுங்க," என்றான் எல்யோர்.

ஆறு கூட்டத்திலும் யாரும் கேட்காத கேள்வி. சபோஹத் உள்ளே போகவில்லை. அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று, நிமிர்ந்த தலையோடு, தன் அறைக்கு நடந்தாள்.