நாலாவது டி-ஷர்ட்

இன்று காலை மல்லேஸ்வரத்தில் ஒரு காபிக் கடை வாசலில் என் பழைய முதலாளியைப் பார்த்தேன். போன மாதம்தான் கம்பெனியை மூடினார். அவருக்கு அது மூன்றாவது. கூடவே இருந்த எனக்கும் மூன்றாவதுதான்.

எங்கள் திங்கட்கிழமை மீட்டிங் எப்போதும் ஒரு சீனாக்காரரின் கதையோடு தொடங்கும். அவர் ஆரம்பித்த முதல் மூன்று டெக் கம்பெனிகளும் படுத்துவிட்டன, நாலாவது உலகம் முழுக்கப் போனது.

"எரடு காஃபி" என்று கடைக்காரரிடம் கன்னடத்தில் இரண்டு காபி சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். முகம் வாடியிருந்தது, குரல் மட்டும் அதே திங்கட்கிழமைக் குரல்.

"நாலாவது ஸ்டார்ட் பண்றேன்பா. அந்த சீனாக்காரருக்கும் நாலாவதுதானே கிளிக் ஆச்சு?"

வெகுநாள் சந்தேகத்தைக் கேட்டே விட்டேன். "சார், அவரோட முதல் மூணு கம்பெனில வேலை செஞ்சவங்க எல்லாம் என்ன ஆனாங்க?"

டம்ளரைக் கையில் வைத்தபடி உண்மையாகவே யோசித்தார்.

"தெரியலப்பா. எந்த இன்டர்வியூலயும் அவர் அதைச் சொன்னதில்ல."

இருவரும் காபியைக் குடித்து முடித்தோம்.

கிளம்பும்போது சம்பளத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"புதுக் கம்பெனி டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் குடுக்கணும். உனக்கு மீடியம்தானே?"

"இப்ப லார்ஜ் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வேறு எங்காவது வேலை இருந்தால் சொல்லுங்கள், நண்பர்களே. ஸ்கூட்டர் துடைக்க ஏற்கெனவே மூன்று கம்பெனி டி-ஷர்ட் இருக்கிறது.