எழுபத்தொன்பதாம் பெட்டி

ஆவர்த்தன அட்டவணை சலிப்பான விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சலிப்பாம்! அந்த அட்டவணையால் ஒரு வெள்ளிக்கிழமை நான் பட்ட பாட்டை அவர்கள் பட்டுப் பார்க்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, சண்டைக் காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் வகுப்பறைச் சுவரில் தொங்கிய அட்டவணையைக் கறையான் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது ஐதரசனும் இரண்டு ஆணியும்தான். கொழும்பிலிருந்து புதியது வரட்டும் என்று இருந்தால் எங்களுக்கெல்லாம் கல்யாணம் முடிந்துவிடும் என்பது சயன்ஸ் ரீச்சருக்கு விளங்கிவிட்டது. நூற்றுச் சொச்சம் வெறும் நெருப்புப்பெட்டி சேர்க்கச் சொன்னார். உள்தட்டுகளை ஒரு பழைய கதவில் வரிசையாக ஒட்டினோம். ஒரு மூலகத்துக்கு ஒரு பெட்டி. பெட்டிக்குள் படம் கிடம் ஒன்றும் கூடாது, அந்த மூலகம் உள்ள அசல் சாமான் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பார்க்க வருவார்கள். மூலகம் என்றால் என்ன என்று நாங்கள்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சீட்டுக் குலுக்கிப் போட்டோம். காபன் விழுந்தவள் குசினி அடுப்புக் கரியோடு வந்தாள். கல்சியத்துக்குக் கரும்பலகை வெண்கட்டித் தூள். நிலாவெளி உப்புக்கு சோடியக்காரியும் குளோரின்காரியும் அடிபட, ரீச்சர் அதைப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தார். ஈலியக்காரிக்கு என்ன துணிவு! வெறும் பெட்டியை நீட்டி, "இருக்கு ரீச்சர், கண்ணுக்குத்தான் தெரியாது" என்றாள். என் சிநேகிதிக்குத் தைத்தானியம். அவளுடைய மாமா புல்மோட்டையிலிருந்து ஒரு போத்தல் கறுப்பு மண் கொண்டுவந்தார். வழியில் மூன்று செக் பொயின்றில் ஆமிக்காரர் அதை மோந்து பார்த்தார்களாம்.

எனக்கு விழுந்தது எழுபத்தொன்பது. பொன்.

"நல்லா மாட்டுப்பட்டாயடி!" என்று வகுப்பே சிரித்தது. சிரிக்கிறதுகளே, பார்த்துக்கொள்ளுங்கள் என்று எனக்குள் ஒரு வீம்பு ஏறிவிட்டது.

வீட்டில் இருந்த பொன் அம்மாவின் கல்யாணத் தோடு ஒரு சோடி மட்டுமே. மற்றதெல்லாம் ஒவ்வொரு இடப்பெயர்விலும் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. அந்த வியாழக்கிழமை பார்த்து அம்மா கட்டைபறிச்சானுக்குப் புறப்பட்டார். அங்கே சின்னம்மாவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. கடல் தாண்டிப் போகும் மூதூர் லோஞ்சில் ஏறும் பெண்கள் அந்த நாளில் செக்கிங்குக்குப் பயந்து நகையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவார்கள். தோட்டை ஒரு துணியில் முடிந்து என் கையில் தந்தார். "நாளைக்கு மூண்டு மணி லோஞ்சில வந்திடுவன். இதைத் துலைச்சாய் எண்டால் வீட்டுப் பக்கமும் வராதை."

வெள்ளி காலை நான் ஒரு தோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றை எடுத்தால் பாதிக் களவுதானே!

ஆறாம் வகுப்பு வந்ததும் எங்களுக்குப் பிடித்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது. ஒவ்வொருத்தியும் தன் பெட்டியே பெரிது என்று கத்தினாள். "உன்ட எலும்பில இது இருக்கு, ரத்தத்தில இது இருக்கு" என்று நாங்கள் சொல்லச் சொல்ல, சின்னதுகள் தங்கள் கையையும் காலையும் தடவிப் பார்த்தன. அதிலே ஒருத்திக்கு இரண்டு காதிலும் ஈர்க்குத் துண்டு. தோடு இல்லாத பிள்ளைகளுக்குக் காது தூர்ந்துபோகாமல் இருக்க அப்படிச் செருகி விடுவார்கள். அவள் என் பெட்டியை விட்டு அசையவே இல்லை.

"உண்மைப் பொன்னோ அக்கா?"

"பின்னே என்ன? ஓம்!" என்றேன். அந்த நேரம் உலகத்திலேயே பெரிய ஆள் நான்தான்.

அப்போது பள்ளிக்கூட வாசலில் ஆமி ஜீப் ஒன்று வந்து நின்றது.

"செக்கிங்!" என்று யாரோ கத்தினாள். அவ்வளவுதான். செக்கிங் என்றால் முதலில் நகையை ஒளிக்க வேண்டும், அதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நான் பெட்டி ஒட்டிய கதவுக்குப் பாய்ந்தேன். எழுபத்தொன்பதாம் பெட்டி வெறுமை! யாரோ கெட்டிக்காரி எடுத்து ஒளித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு நிலத்தில் குந்தினேன். கண்ணை இறுக்கி மூடி, பிள்ளையாருக்கு முதலில் ஒரு தேங்காய், பிறகு மூன்று, கடைசியில் பதினொன்று நேர்ந்தேன்.

கால் மணித்தியாலத்தில் ஜீப் போய்விட்டது. ரேடியேற்றருக்குத் தண்ணீர் எடுக்க வந்தார்களாம்! சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு நொந்தது. பள்ளி விடும் மணி அடிக்க ஆறாம் வகுப்பு வீட்டுக்குப் போய்விட்டது.

"சரி, என்ட தோட்டைத் தாங்கோ" என்றேன்.

"கரிக்குள்ள தாட்டனான்" என்றாள் காபன்காரி. கரிக்குள் இல்லை.

"கரியை ஆரெண்டாலும் கிளறுவாங்கள் எண்டு நான் மண்ணுக்குள்ள போட்டனான்" என்றாள் ஈலியக்காரி. மண்ணுக்குள்ளும் இல்லை.

"என்ட மண்ணைத்தானே அவங்கள் எப்பவும் மோந்து பாக்கிறவங்கள்! நான் உப்புக்குள்ள மாத்திட்டன்" என்றாள் சிநேகிதி. உப்பைக் கொட்டினோம். இல்லை.

ரீச்சர் தொண்டையைச் செருமினார். "உப்பெண்டால் நாக்கில வைச்சுப் பாப்பாங்கள் பிள்ளையள். நான்தான் எடுத்து வெண்கட்டித் தூளுக்குள்ள வைச்சனான்." ரீச்சருமா! வெண்கட்டித் தூளைக் கவிழ்த்தோம். அதற்குள்ளும் இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் வந்துவிட்டது. "ஒளிக்கத் தெரிஞ்ச சனியன்களே, ஒரு இடத்தில விட்டிருக்கக் கூடாதோ!" என்று கத்தினேன். ரீச்சர் நிற்கிறார் என்பதும் ஞாபகமில்லை. மணி இரண்டாகிவிட்டது. மூன்று மணிக்கு லோஞ்ச்.

சிநேகிதிதான் சொன்னாள். "எடியே, ஜீப் நிக்கேக்க வெண்கட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில இருந்தது அந்த ஈர்க்குக் காதுப் பிள்ளையெல்லோ?"

அவள் வீடு லிங்கநகரில் என்றார்கள். நானும் சிநேகிதியும் ஓடினோம். செருப்பு அறுந்தது, அதையும் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். செக் பொயின்றைத் தாண்டி, கழுத்தை ஒரு பக்கம் சரித்து, வலது காதை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு அவள் நடந்துபோனாள். அந்தக் காதில் என் அம்மாவின் தோடு! மற்றக் காதில் ஈர்க்கு.

"அக்கா!" என்று அவளே துள்ளிக்கொண்டு வந்தாள். "ரீச்சர் ஒளிச்சதை நான் கண்டிட்டன். காதில கிடந்தால் ஒருத்தரும் தேடமாட்டினம். அதுதான் போட்டனான். குடுக்க மறந்திட்டன் அக்கா. செக் பொயின்றும் தாண்டிட்டுது!"

ஒரு அறை விட என்று ஓடிவந்த நான் அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். அவள் தோட்டைக் கழற்றித் தந்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஈர்க்கை எடுத்துத் திரும்பச் செருகிக்கொண்டாள். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து தோட்டைத் துணியில் முடிந்து வைத்து நான் மூச்சு வாங்க, அம்மா வந்துவிட்டார். முகம் கழுவி, கண்ணாடி முன் நின்று இரண்டையும் பூட்டினார். பிறகு திரும்பினார்.

"ஏனடி, ஒண்டு மட்டும் இப்பிடி மின்னுது?"

ஐயோ! கரி, மண், உப்பு, வெண்கட்டி. பாத்திரம் மினுக்க நாங்கள் தேய்க்கிற சாமான் அத்தனைக்குள்ளும் புரண்டு வந்த தோடு அல்லவா அது. நான் ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன். பாதிக் களவு என்றபோது அம்மா கை ஓங்கினார். ரேடியேற்றர்த் தண்ணீருக்குச் சிரிக்கத் தொடங்கினார், ரீச்சரும் ஒளித்தார் என்றதும் கதிரையில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். அந்தப் பிள்ளை ஈர்க்கைத் திரும்பச் செருகியதைச் சொன்னபோது சிரிப்பு நின்றது.

மங்கல் தோட்டைக் காதிலிருந்து கழற்றினார். பிறகு மின்னுகிற தோட்டையும் கழற்றினார். இரண்டையும் துணியில் முடிந்து என் கையில் வைத்தார்.

"திங்கக்கிழமை மற்றதையும் மினுக்கிப்போட்டு, ரெண்டையும் அந்தப் பிள்ளைக்குப் போட்டுவிடு. பின்னேரம் வீட்டுக்குப் போய் அவளின்ட அம்மாவுக்கும் காட்டட்டும். பிறகு வாங்கிக்கொண்டு வா."