காதும் ஒரு பழைய கம்ப்யூட்டரும்

குடிநீர் வாரியத்தில் அவருக்குப் பெயர் காது. வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவரே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்துவிடுவார்.

தெருவுக்கு அடியில் போகும் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கேட்டுச் சொல்வதுதான் அவர் வேலை. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, அதன் மேல்முனையில் உள்ளங்கை அளவு மரக்கிண்ணம். கம்பியைத் தரையில் ஊன்றி, கிண்ணத்தைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர் நாலடி நகர்வார், மறுபடி நிற்பார். பிறகு சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. அங்கே தோண்டினால் தண்ணீர் கொப்பளிக்கும். குழி தோண்டும் ஆட்கள் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடாத குறைதான், ஏனென்றால் இன்னொரு குழி தோண்டும் வேலை அவர்களுக்கு மிச்சம்.

இவ்வளவு பெரிய காதுக்கு வீட்டில் என்ன மரியாதை என்று கேட்கிறீர்களா? "தெருவுல இருக்கற குழாயெல்லாம் ஒழுகினா கேக்குது. நம்ம பாத்ரூம் குழாய் ஒழுகறது மட்டும் இந்த மனுஷனுக்குக் கேக்கவே கேக்காது" என்பார் மனைவி. தபால் நிலையத்தில் கவுண்டரில் உட்காருகிற அந்த அம்மா, நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் தன் பேச்சை ஆரம்பிப்பார். காது சிரித்துக்கொண்டே போய் வாஷரை மாற்றிவிடுவார். கோபம் என்பதை அவரிடம் கடன் வாங்கக்கூட முடியாது.

மகளுக்குக் கல்யாணமாகி அவள் அறை காலியானது. அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் இருப்பது என்று பரணில் ஏறியவர், ஓர் அட்டைப்பெட்டியோடு இறங்கினார். உள்ளே கல்யாணமான புதிதில் வாங்கிய வீட்டுக் கம்ப்யூட்டர் இருந்தது. கீபோர்டுக்குள்ளேயே மொத்தக் கம்ப்யூட்டரும் அடங்கிவிடும், டிவியில் மாட்டி ஓட்ட வேண்டும், அந்த ரகம். புரோகிராம் எல்லாம் கேசட்டில். பாட்டுக் கேட்கும் அதே கேசட்தான். டேப்பில் ஓடவிட்டால் கிர்ர்ர், கீய்ய்ய் என்று உயிரை வாங்கும் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் புரோகிராமை உள்ளே ஏற்றிக்கொள்ளும்.

அதில் அவரே எழுதிய ஒரு விளையாட்டும் இருந்தது. திரையின் மேலே ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும், கீழே வாளியை நகர்த்திச் சொட்டைப் பிடிக்க வேண்டும். மனைவி முழுகாமல் இருந்த மாதங்களில், கால் வீங்கி எங்கேயும் போக முடியாதவருக்காக எழுதியது. "குழாய்க்காரன் விளையாட்டு எழுதினா அதுலயும் குழாய்தானா?" என்று கேலி செய்துகொண்டே மனைவி மணிக்கணக்கில் விளையாடுவார். அந்தக் கேசட்டும் பெட்டியிலேயே பத்திரமாக இருந்தது. மறுபடி அதை ஓட்டிக் காட்ட வேண்டும் என்ற ஆசை காதுக்கு வந்துவிட்டது.

ஆசை வந்தால் மனிதருக்குச் சோறு தண்ணீர் இறங்காது. உப்பிப்போன கெபாசிட்டர்களை எல்லாம் பிடுங்கிவிட்டுப் புதிது வைத்து ஈயம் பற்றவைத்தார். எழுத்தை அழுத்தினால் உள்ளே சேதி சொல்ல கீபோர்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும், மொறுமொறுவென்று உடைந்துபோன அதை மாற்றினார். மஞ்சள் பாரித்துக் கிடந்த மேல்மூடிக்கு, சலூன்காரரிடம் தலைமுடியை வெளுக்கும் கிரீமை வாங்கிவந்து தடவி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றி மொட்டைமாடி வெயிலில் வைத்தார். வெயில் நகர நகர அதையும் திருப்பி வைத்துக்கொண்டு அங்கேயே குந்தியிருந்தார்.

"எனக்கு ஒருநாளாவது இப்படிக் கிரீம் தடவி விட்டிருக்கீங்களா?" என்றார், துணி காயப்போட வந்த மனைவி.

"நீதான் மஞ்சளாகவே இல்லையே."

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்துக்கொண்டே போனார்.

பழையதைப் பழையபடி ஆக்கியதோடு நின்றாரா? கூடுதல் மெமரி போட்டார். புது டிவியில் படம் தெளிவாக விழ ஒரு வயர் இழுத்தார். அவருடைய நண்பர், டிவி மெக்கானிக், வந்து பார்த்து அசந்துபோனார். எல்லாம் நன்றாக இருந்தது, கேசட் மட்டும் ஏறவில்லை.

டேப் ரெக்கார்டரில் பெல்ட் உருகித் தாராகக் கிடந்ததால் அதை மாற்றியிருந்தார். டேப்பைத் தொட்டுப் படிக்கிற ஹெட்டும் தேய்ந்துபோயிருந்தது, அதை எடுத்துவிட்டு வேறொன்று வைத்திருந்தார். புது ஹெட் வைத்தால் அதன் சாய்வைச் சரிபார்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். கேசட்டை ஓடவிட்டுக்கொண்டே அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, சத்தம் எந்த இடத்தில் மிகக் கூர்மையாக வருகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். மீட்டர் வேண்டாம், காது போதும். அந்த வேலை நம்மாளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த நாளில் தெருவில் இந்தக் கம்ப்யூட்டர் வைத்திருந்த எல்லோருக்கும் அவர்தான் போய்த் திருப்பிவிட்டு வருவார்.

திருப்பினார். திரையில் 'படிக்க முடியவில்லை' என்று வந்தது. மறுபடி திருப்பினார், மறுபடியும் அதே.

"இந்தக் கேசட்டைக் கட்டிக்கிட்டு ஏன்பா மாரடிக்கிற?" என்றார் டிவி மெக்கானிக். "மெமரி கார்டு போடற மாதிரி குட்டி போர்டு வந்திருக்கு. கேசட்டை என்கிட்ட குடு, நான் சத்தத்தோட அலையை ஸ்க்ரீன்ல பார்த்தே சரிபண்ணி ஏத்தித் தர்றேன். காதே வேணாம்."

"வேணாம்" என்றார் காது. அவர் அவ்வளவு வெடுக்கென்று பேசி நண்பர் கேட்டதில்லை. பாவம், எதற்கு என்று புரியாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எதற்கு என்றால், அதற்கு முந்தின வாரம் வேலையில் ஒன்று நடந்திருந்தது. காது குறிபோட்ட இடத்தில் ஆட்கள் இடுப்பளவு தோண்டினார்கள். மண் பொடியாக உதிர்ந்தது. ஒழுகல் இருந்தது எங்கேயோ தள்ளி, ஒரு சைக்கிள் கடை வாசலில். "விடுங்கண்ணே, லாரி சத்தத்துல தப்பாயிருக்கும்" என்றார்கள். தெருவில் அப்போது லாரியே இல்லை. அவர்கள் அப்படிச் சொன்னதுதான் அவருக்குத் தாங்கவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. பிறகு அலுவலகத்தில் இருந்து தகவல் வந்தது: கம்பி பிடிக்கிற எல்லோருக்கும் வரும் திங்கட்கிழமை காது பரிசோதனை.

அவர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார், சின்னப்பிள்ளைத்தனமான கணக்குதான். இந்தக் கேசட்டை என் காதால் ஏற்றிவிட்டால் என் காதுக்கு ஒன்றுமில்லை. தைரியமாகத் திங்கட்கிழமை போகலாம். ஏறவில்லை என்றால்? ஏறவில்லை என்றால் கம்ப்யூட்டரில்தான் ஏதோ கோளாறு. லீவு போட்டுவிட்டு அதைப் பார்ப்போம். இப்படி நினைத்ததால் அந்த வாரம் முழுக்க ஒரு குறையும் இல்லாத சாமான்களை எல்லாம் கழற்றி மாட்டினார். நல்ல வயரை மாற்றினார். புது பெல்ட்டை எடுத்துவிட்டு இன்னொரு புது பெல்ட் போட்டார். போட்ட மெமரியைப் பிடுங்கித் துடைத்துத் திரும்பச் செருகினார். உள்ளே இருந்ததில் அவர் சந்தேகப்படாதது எதுவுமில்லை.

சனிக்கிழமை மத்தியானம். தபால் நிலையத்தில் அரைநாள் வேலை. மகளின் அறையில் மேஜைமேல் குனிந்து, ஒரு கையில் குட்டி ஸ்க்ரூடிரைவரோடு காது திருகாணியைத் திருப்பிக்கொண்டிருந்தார். கேசட் அலறிக்கொண்டிருந்தது. அவருக்கு அது கரகரவென்று, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. கேசட் பழசாகிவிட்டது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

"அங்கயே நிறுத்துங்க!"

தூக்கிவாரிப்போட்டது. வாசற்படியில் மனைவி, தோளில் பையோடு, முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்.

"எப்ப வந்த?"

"பெல் அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டு என் சாவியைப் போட்டுத் திறந்தேன். அதை விடுங்க. தாண்டிட்டீங்க, கொஞ்சம் பின்னாடி வாங்க."

"எதைத் தாண்டிட்டேன்?"

"இப்ப மொழுக்குன்னு இருக்கு. ஒரு நிமிஷம் முன்னாடி ஊசி மாதிரி குத்துச்சு. அதுதான் சரி."

"உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமா? கல்யாணமாகி வந்ததுலேர்ந்து தினம் சாயந்திரம் இந்தச் சனியன்தானே எனக்கு நாதஸ்வரம். அது குத்தற இடத்துல நிறுத்திட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

அவர் பின்னால் திருப்பினார். "இங்கயா?"

"இன்னும். இன்னும் கொஞ்சம். ஐயோ, பல்லு கூசுது. அதான், கையை எடுங்க."

அவர் கையை எடுத்தார். தெருவில் நிற்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, மனைவிக்குத் தெரியாமல் திருகாணியை ஒரு மயிரிழை நகர்த்தினார். "போச்சு" என்றார் மனைவி. திரும்பக் கொண்டுவந்தார். "வந்துடுச்சு." அவருக்குப் போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. இரண்டும் ஒரே கரகரப்புதான்.

கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டார்கள். டிவியின் ஓரத்தில் கோடுகள் ஓடின. சத்தம் நின்றது. திரையின் மேலே ஒரு குழாயும் கீழே ஒரு வாளியும் வந்து நின்றன.

மனைவி கைதட்டினார். தட்டிய கையோடு திரும்பிப் பார்த்தவர், கணவர் முகத்தைக் கண்டு பையை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னங்க?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு" என்றார் அவர்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"வாஷிங் மெஷின் முடிஞ்சதும் கீச்சு கீச்சுன்னு கத்துதே, அது உங்களுக்குக் கேக்கறதில்ல. நம்ம பொண்ணு போன்ல பேசினா நான் ஒவ்வொண்ணையும் திருப்பிச் சொல்றேனே, வேலையத்துப்போயா சொல்றேன்?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது?" மனைவியின் குரல் உடைந்தது. "வெளிய எல்லாரும் காது காதுன்னு கூப்பிட்டுக்கிட்டு நிக்கறாங்க. நான் எந்த வாயால அதைச் சொல்லுவேன்? நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவர் ஸ்க்ரூடிரைவரை உள்ளங்கையில் உருட்டினார். "இனிமே என்னை என்னன்னு கூப்பிடுவாங்க?" என்று கேட்டார். குழந்தை கேட்பதுபோல்தான் கேட்டார்.

"என்னவோ கூப்பிட்டுக்கட்டும். நான் என்னைக்காவது உங்களைக் காதுன்னு கூப்பிட்டிருக்கேனா?"

யோசித்துப் பார்த்தார். இல்லை, ஒருநாளும் இல்லை. அவர் கண் கலங்கியது. அதை மறைக்க டிவியைப் பார்த்தார். அங்கே குழாய் முதல் சொட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

மனைவி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விரல்களுக்கு எல்லாம் நினைவு இருந்தது. சொட்டு விழுந்தது, வாளி ஓடிப்போய் ஏந்திக்கொண்டது. சொட்டு வாளியில் விழும்போது கம்ப்யூட்டரின் குட்டி ஸ்பீக்கரில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரவேண்டும். அவர் காத்திருந்தார். இரண்டாவது சொட்டு, மூன்றாவது. சத்தமே இல்லை. ஸ்பீக்கர் போய்விட்டது, வயர் எங்கோ விட்டிருக்கிறது என்று அவர் கை தானாக மேல்மூடியின் திருகாணிக்குப் போனது.

போன கை பாதியில் நின்றது.

"சத்தம் வருதா?" என்று கேட்டார்.

மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வருதுங்க" என்றார்.

அவர் ஸ்க்ரூடிரைவரை மேஜைமேல் வைத்தார். "திங்கட்கிழமை எங்க ஆளுங்களுக்குக் காது டெஸ்ட். லீவு போடலாம்னு இருந்தேன். போடல. நீயும் கூட வா. டாக்டர் சொல்றது எனக்குச் சரியா விழலேன்னா நீ திருப்பிச் சொல்லு."

"வர்றேன்."

நாலாவது சொட்டு விழுந்தது. வாளி அதைப் பிடித்தது.

"டிக்" என்றார் மனைவி, வாய்விட்டு, அவர் பக்கமாகத் தலையைச் சாய்த்து.

அடுத்த சொட்டு விழுந்தது. "டிக்."