பயறும் கயிறும்

இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு கார் எஞ்சினைக் கழற்றிப் பூட்ட முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்றுதான் சொல்வேன். நடுவில் ஒரு பிள்ளை நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பிள்ளையாக நான் நின்றிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேருவார். அம்மாவுக்கும் அம்மாவின் தங்கச்சியான சின்னம்மாவுக்கும் வாவிக்கரையில் ஒரே வளவுக்குள் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். அப்படி வந்து சேர்ந்தவர்கள்தான் அப்பாவும் சின்னப்பாவும். ஒரு உறையில் இரண்டு கத்தி கிடக்காது என்பார்கள். எங்கள் வளவில் இரண்டும் நெடுங்காலம் நன்றாகவே கிடந்தன. கிடந்தது மட்டுமில்லை, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய காரும் வாங்கினார்கள். நம்பர் தகட்டில் ஸ்ரீ எழுத்துப் போட்ட காலத்து இங்கிலீசுக் கார். விடியப்புறம் வாழைச்சேனையிலிருந்து மீன் பெட்டி ஏற்றும், வெயில் ஏறின பிறகு ஆட்களை ஏற்றும். அப்பா ஒரு நாள், சின்னப்பா ஒரு நாள் என்று மாறி மாறி ஓட்டினார்கள். கார் வருமுன்னே அதன் மணம் வந்துவிடுகிறது என்று கலியாண வீட்டுக்காரர் நக்கலடித்தாலும், கூலி குறைவென்பதால் ஏறத்தான் செய்தார்கள்.

அந்தக் காருக்கு ஒரு நோய் இருந்தது. எஞ்சினின் பின்பக்கத்தால் ஒயில் சொட்டும். எடுத்துக்கொண்டு போகிறவர் அளவு பார்த்து ஊற்றிவிட்டுத்தான் போக வேண்டும். சின்னப்பாவின் முறைநாள் ஒன்றில், தன்னாமுனையைத் தாண்டும்போது எஞ்சின் கடகடவென்று அடித்து இறுகி நின்றுவிட்டது. உள்ளே ஒரு சொட்டு ஒயில் இல்லை. அப்பா ஊற்றியிருப்பார் என்று சின்னப்பா இருந்திருக்கிறார். சின்னப்பா ஊற்றியிருப்பார் என்று அப்பா இருந்திருக்கிறார். ரெண்டு தாய் வளர்த்த பிள்ளை பட்டினி என்று அம்மா சொன்னது அன்றைக்குத்தான். கேள்விப்பட்டு அப்பாவும் போனார். றோட்டில் வைத்து அவர்கள் என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது. காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வளவுக்கு வந்தபோது இரண்டு வாயும் பூட்டிக் கிடந்தன.

காரை மாமரத்தடியில் விட்டுத் தார்ப்பாய்ப் படங்கால் மூடினார்கள். அப்பா நெல் ஆலையில் மூட்டை தூக்கப் போனார். சின்னப்பா மேசன்மாருக்குக் கையாளாகப் போனார். பொழுதுபட இருவரும் ஒரே வேலிப் படலையால் உள்ளே வருவார்கள். ஒருவர் வருவதைக் கண்டால் மற்றவர் வேலியோரம் நின்று வெற்றிலை போடுவார்.

இது இப்படியே கிடந்திருக்கும். ஆனால் சின்னப்பாவின் ஊர் வெல்லாவெளிப் பக்கம். அங்கே அவருடைய அண்ணனுக்கு வட்டையில் வயல் இருந்தது. மாரி மழை தொடங்கி விதைப்பு வருமுன் கார் ஓடாவிட்டால், பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு அங்கேயே போய்விடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார். தாய் வளவை விட்டுவிட்டு ஒருத்தி புருசனின் ஊருக்குக் குடிபோவதை எங்கள் ஊரில் யாரும் நல்லதாகப் பேசமாட்டார்கள். சின்னம்மாவுக்குப் போக விருப்பமில்லை, மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அம்மா கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பா. மா குழைப்பது சின்னம்மா, பிழிவது அம்மா. விடியுமுன் அடுப்படியில் இரண்டு பேரும் கதைத்துக் கதைத்துச் செய்கிற வேலை அது. இப்போது கதை நின்றுபோய், மா மட்டும் குழைந்தது.

கடைசியில் ஒரு நாள் அப்பா வேலையால் வந்து, கழுவாத கையோடு படங்கை இழுத்தார். எஞ்சினைத் தனி ஆள் தூக்க ஏலாது. சங்கிலியை மாங்கொப்பில் போட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்னப்பா தன் வாசலில் இருந்து அப்பாவைப் பார்த்தார். பிறகு எழும்பி வந்து சங்கிலியின் மற்றப் பக்கத்தைப் பிடித்தார். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"உன்ட சின்னப்பாட்டச் சொல்லு, மெதுவா இழுக்கச் சொல்லி."

சின்னப்பா இரண்டு முழம் தள்ளித்தான் நின்றார். அப்பா சொன்னது அவருக்குக் கேட்டது. ஆனாலும் நான் திரும்பிச் சொல்லும்வரை சங்கிலி அசையவில்லை.

"எனக்குக் காது கேக்கும் எண்டு உன்ட அப்பாட்டச் சொல்லு புள்ள."

"அப்ப ஏன் இழுக்கல்ல எண்டு கேள்."

அப்படித்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. எங்கள் வளவுக்குள் மட்டும் செய்தி என் காலில்தான் போனது. ரெண்டு ஆம்பிளைக்கும் சேர்த்து ஒரு வாய், அது இவளுக்கிட்டக் கிடக்கு என்று அம்மா சொல்வா. எனக்கு அதில் பெருமைதான். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் என்னை இப்படித் தேடிக் கூப்பிட்டதில்லை.

எஞ்சினை அம்மா இடியப்பம் பிழிகிற மேசையில் ஏற்றினார்கள். வேறு பலமான மேசை இரண்டு வீட்டிலும் இல்லை. அம்மா நிலத்தில் குந்தியிருந்து பிழிந்தா. முதுகைப் பிடித்துக்கொண்டு எழும்புவா, ஒன்றும் சொல்லமாட்டா. இடியப்பத்தில் ஒயில் மணக்கிறது, சம்பலுக்குப் பதிலாகக் கிரீசா தருவது என்று கடைக்காரர் கேட்டாராம். அதையும் சிரிக்காமல் வந்து சொன்னா.

பகல் முழுக்க மூட்டை தூக்கியவரும் சீமெந்து குழைத்தவரும் பொழுதுபட வந்து அந்த மேசையின் இரண்டு பக்கத்திலும் நிற்பார்கள். களைப்பில் நட்டுக் கழற்றும் சாவி கையிலிருந்து நழுவும். கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவினார்கள். எஞ்சினுக்குள் சுழலும் பெரிய தண்டை, இரும்பு கடையும் லேத்துக்கடைக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்து வந்தார்கள். எஞ்சின் மூடிகளுக்கு இடையில் வைக்கும் பெக்கிங்கை வீட்டிலேயே வெட்டினார்கள். அட்டையை இரும்பின் மேல் வைத்துச் சுத்தியலால் ஓரம் ஓரமாகத் தட்டினால், அந்த ஓரத்துக்கே அது வெட்டுப்பட்டு வரும். கலண்டர் அட்டையில் முருகன் படம் இருந்ததால் சின்னம்மா தரமாட்டேன் என்று பிடித்துக்கொண்டா. படத்தை உரித்தெடுத்துச் சுவரில் ஒட்டிய பிறகுதான் அட்டை கிடைத்தது.

மிச்சம் இருந்தது, ஒயில் கசியாமல் அடைக்கும் பின்பக்கத்துச் சீல். எல்லா வினைக்கும் மூலம் அதுதான். இந்தக் காலத்துக் கார்களுக்கு அதில் ரப்பர் வளையம் இருக்கும். அந்தக் காருக்குக் கறுத்தக் கயிறு. தண்டைச் சுற்றி இருக்கும் பள்ளத்தில் கயிற்றை அழுத்திப் பதிக்க வேண்டும். அதற்கு முன் ஒரு பகலாவது ஒயிலில் ஊற வேண்டும், காய்ந்த கயிறு தண்டின் சூட்டில் கருகிப்போகும் என்று லேத்துக்கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா கயிற்றைக் கொண்டுவந்து மேசைக்குக் கீழே ஒயில் தட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். தட்டின் அடியில் நக்கினாற்போல் கொஞ்சம் பழைய ஒயில். பிந்தி வேலைக்குப் போகிற சின்னப்பா, மேலே புது ஒயில் ஊற்றுவார் என்பது அப்பாவின் நினைப்பு.

அன்றைக்குப் பார்த்து மறுநாள் அம்மன் கோயில் பொங்கல். பயறு ஊறப் போடும் வேலை சின்னப்பாவின் தலையில் விழுந்திருந்தது.

பொழுதுபட்டு வந்த அப்பா மேசையடியில் இருந்து என்னைக் கூப்பிட்டார். பேசாத ஆளுக்கு அனுப்புகிற செய்தி அல்லவா, அதில் ஒரு சொல்லைக்கூட வீணாக்க அவருக்கு மனமில்லை.

"ஊறப் போட்டாச்சா எண்டு கேள்."

கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்ற சின்னப்பாவிடம் ஓடிப்போய் அதே சொல்லைக் கேட்டேன். அவரும் சிக்கனம்தான்.

"காலமயே ஊறுது எண்டு சொல்லு."

அப்படியே கொண்டுவந்து சொன்னேன். அப்பா கயிற்றை எடுத்துப் பார்த்தார். பழைய ஒயில் பட்டு மேலே பளபளவென்றுதான் இருந்தது. வைத்து அழுத்தினார். மூடினார்கள், இறுக்கினார்கள், அடுத்த ஓய்வு நாளில் எஞ்சினைத் தூக்கிக் காருக்குள் இறக்கினார்கள். சாவி போட்டதும் அது உறுமிக்கொண்டு எழும்பியது. வேலிக்கு வெளியே சனம் கூடிவிட்டது. சின்னம்மா கும்பிட்டா. கொஞ்ச நேரத்தில் எஞ்சினுக்கு அடியில் புகை கிளம்பியது. பிறகு ஒயில் வந்தது. முன்பு சொட்டியது, இப்போது ஒழுகியது.

பிழை எங்கே என்று தேடுவதற்கும் நான்தான் ஓடினேன்.

"காலமயே ஊறுது எண்டு சொன்ன ஆளிட்டக் கேள், எதில ஊறினது எண்டு."

"தண்ணியில எண்டு சொல்லு. பயறத் தண்ணியிலதானே ஊறப் போடுற?"

இதைக் கேட்டுச் சிரித்தது வேலிக்கு வெளியே நின்ற சனம்தான். எஞ்சினுக்குப் பயறு ஊறப் போட்ட வளவு என்று எங்களுக்குப் பெயர் விழுந்தது. பிறகு என்ன, பயறு முளை கட்டினதா என்று கடைத்தெருவில் அப்பாவைக் கேட்டிருக்கிறார்கள். வளவுக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை. வானம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை உழவு மெசினையும் சாமான் ஏற்றும் பெட்டியையும் கொண்டுவரச் சொல்லிச் சின்னப்பா தமையனுக்குப் போன் எடுத்தார். சின்னம்மா அழவில்லை. சுவரில் ஒட்டிய முருகனை மட்டும் நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கழற்றிக்கொண்டு நின்றா.

அடுத்த நாள் அம்மா இடியப்பத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரவில்லை. பஸ் ஏறி லேத்துக்கடைக்குப் போயிருக்கிறா. வெயிலில் வந்து இறங்கினா, முகமெல்லாம் கறுத்துப்போய். முந்தானையில் முடிந்திருந்த புதுக் கயிற்றை எடுத்து, அப்பாவும் சின்னப்பாவும் வந்து சேரும்வரை வாசலிலேயே வைத்துக்கொண்டிருந்தா. வந்ததும் இரண்டு பேருக்கும் நடுவில் நிலத்தில் வைத்தா.

"இதுக்கு மேல என்னால ஏலா."

அவ்வளவுதான் சொன்னா. உள்ளே போய்விட்டா. கயிற்றை இருவருமே உடனே எடுக்கவில்லை. பிறகு சின்னப்பா குனிந்து எடுத்துக்கொண்டு போனார். அப்பா சங்கிலியைக் கொப்பில் போட்டார்.

சனிக்கிழமை மத்தியானம். இருவரும் வேலைக்குப் போகவில்லை. எஞ்சின் மறுபடியும் மேசையில், வயிறு திறந்தபடி. சின்னப்பா தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அப்பா கயிற்றைத் தூக்கினார். நான் வழக்கம்போல நடுவில், செய்தியை வாங்கத் தயாராக அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா என் தலைக்கு மேலால் பார்த்தார்.

"தம்பி, இது ஊறினதா? கயிறத்தான் கேக்கிறன். பயற இல்ல."

சின்னப்பாவின் முகம் சிவந்துபோனது.

"பிழிஞ்சு பாருங்க, வடியும். அண்டைக்கும் வாயத் துறந்து கயிறு எண்டு கேட்டிருந்தா இந்தச் சோலி இல்ல."

"நான் கேக்காட்டி உனக்குக் கண் இல்லயா? தட்டுல கிடந்தது என்ன, பாம்பா?"

"தன்னாமுனையில உங்களுக்குக் கண் எங்க போச்சு? ஒயில் பாக்காம எனக்கிட்டக் கார் தந்தது ஆர்?"

"தந்தா? நீ பாத்திட்டுத்தானே எடுக்கணும்?"

"பாத்திருப்பன். அண்ணன் பாத்திருப்பார் எண்டு நம்பினன் பாருங்க, அதுதான் என்ட பிழை."

அப்பா கயிற்றைத் தட்டில் போட்டார். பிறகு இன்னும் சத்தமாகத் தொடங்கினார். தன்னாமுனையில் விட்ட இடத்திலிருந்து எல்லாம் வந்தது. யார் எப்போது எதை ஊற்றவில்லை, யார் யாரைப் பற்றி எந்தக் கடையில் என்ன சொன்னது, கலியாண வீட்டில் யார் யாரைக் காணாததுபோலப் போனது. நான் ஒருவர் முகத்தை மாற்றி மற்றவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தருவதற்கு அதில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. சத்தம் போட்டபடியே அப்பா எஞ்சினைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டினார். சத்தம் போட்டபடியே சின்னப்பா அந்தக் கையில் ஒரு சாவியை வைத்தார். அது சரியான சாவியாகத்தான் இருந்திருக்க வேண்டும், அப்பா திருப்பிக் கொடுக்கவில்லை.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உழவு மெசின் வந்தது. வந்தவர் சோறு தின்று, மாமரத்தடியில் கொஞ்சம் படுத்தெழும்பி, பெட்டியை வெறுமையாகவே கொண்டுபோனார். விதைப்பு மழை தொடங்கியபோது கார் வாழைச்சேனை றோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஒயில் சொட்டத்தான் செய்தது, முந்தியதைவிடக் கொஞ்சம் குறைவாக.

ஆனால் இதெல்லாம் பிறகு. அந்தச் சனிக்கிழமை எனக்கு இது ஒன்றும் தெரியாது. இத்தனை நாள் ஊமையாகக் கிடந்த கோபம் வாய் திறந்துவிட்டது, இனி நாளைக்குச் சின்னம்மா போவது உறுதி என்று நினைத்தேன். அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா பகலில் படுத்து நான் கண்டதே இல்லை. அன்று உள்ளறையில் பாயை விரிக்காமல், வெறும் நிலத்தில், கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தா. ஒரு காலில் செருப்பு இருந்தது. வெளியே இரண்டு பேரின் சத்தமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது.

"அம்மா, ரெண்டு பேரும் சண்டை பிடிக்கிறாங்க. ஒழும்பி வாங்க."

அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"ஓம். பிடிக்கட்டும்."

நான் தோளைப் பிடித்து உலுக்கினேன். எழும்பவில்லை. வாய் கொஞ்சம் திறந்து, சின்னப்பிள்ளைபோல மூச்சு விட்டுக்கொண்டு நித்திரையாகிப் போயிருந்தா. தங்கச்சி நாளைக்குப் போகப்போகிறா, வாசலில் இரண்டு ஆம்பிளைகள் வளவே அதிரக் கத்துகிறார்கள், இந்த மனுசிக்கு எப்படி நித்திரை வருகிறது என்று எனக்கு அம்மாவின் மேல் கோபம் கோபமாக வந்தது.